இக்தியோசார் நம்ம ஊர்ப் பக்கமும் நீந்தியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் பக்கத்தில் டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங்கும் அவருடைய அண்ணனும் 1811-12இல் இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் புதைபடிவத்தைக் கண்டெடுத்த கதையைப் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும். ஆனால் கட்டுரையின் முடிவு சரியில்லை.

இக்தியோசார், பிளீசியோசார், மோசசார் மூன்றுமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது அழிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டுக்கும் அது பொருந்தும். இக்தியோசார் இனமோ அதற்கு வெகு முன்பே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. மோசசார்கள் பெருகிப் பெருத்ததே அதற்குப் பிறகுதான்.

அந்தக் கடைசிக் கால இக்தியோசார்கள் நீந்திய கடல்களில் ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்தது. திருச்சி வட்டாரத்தில் ஊட்டத்தூர்ப் பாறைத் தொகுதியில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து புதைபடிவ ஆய்வாளர் ரிச்சர்ட் லிடெக்கர் 1879லேயே 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழைநீர் அரித்துப் போட்டிருக்கும் களிமண் மேடுகளும் அதே தொகுதியைச் சேர்ந்தவைதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். குஜராத்தின் கச்சில் லோடாய் கிராமத்தருகே கிடைத்த, ஏறக்குறைய முழுமையான ஐந்தரை மீட்டர் இக்தியோசார் எலும்புக்கூடு பற்றி 2017இல் செய்தி வந்தது. அதையாவது சேர்த்திருக்கலாம்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. காரைக்கு வருகிறவர்கள் சுருள் சுருளான அம்மோனைட்டுகளை (அழிந்துபோன கடல் உயிரிகளின் ஓட்டுப் புதைபடிவங்களை) பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். இக்தியோசாரின் முதுகெலும்போ இருபக்கமும் குழிந்த தடித்த கேரம் காய் மாதிரிதான் இருக்கும். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் கல். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். இடத்தை விட்டு எடுத்துப் போன எலும்பை வைத்துக்கொண்டு ஆய்வாளர் என்ன செய்வார்?

அடுத்த இதழிலாவது அழிந்த காலத்தைத் திருத்தி வெளியிடுங்கள். அப்புறம், காரையையும் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பற்றிப் படங்களுடன் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கிடக்கும் கல்லை எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு படம் எடுத்து அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கும்படி பிள்ளைகளுக்கு அதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பெரம்பலூர்