மீனை நிலைய வாசலில் அழுகவிட வேண்டாம்: மூன்றாம் முறையாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கடற்கரைச் சாலையில் மீன் விற்கும் மகளிர் பதினான்கு பேர் (பெயரும் கையொப்பமும் கைநாட்டும் தனித்தாளில்).

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: சாலையோரம் மீன் விற்கும் பெண்கள் மீது சிறு வழக்குப் பதியும்போது மீனையும் தராசையும் நிலையத்தில் பிடித்து வைப்பதை நிறுத்தவும், இவ்வகை வழக்குகளில் காவலர் நடந்துகொள்ள வேண்டிய முறையை எழுத்தில் அறிவிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: (1) ஐப்பசி மாதம் எங்கள் பகுதி நிலையத்தில் நேரில் கொடுத்த மனு, ரசீது தரப்படவில்லை. (2) தை மாதம் மேல் அலுவலர் ஒருவருக்குப் பதிவஞ்சலில் அனுப்பிய மனு. ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி இரண்டு மனுக்களுக்கும் இன்றுவரை பதில் கிடைக்காததால், தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்கிறோமே என்ற தயக்கத்தோடுதான் இந்த மூன்றாவது மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். இதை எழுதும் நான் அந்தப் பதினான்கு பேரில் ஒருவரின் மகள். கல்லூரி வரை படித்தவள் என்பதால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. எழுதி முடித்ததை வேப்பமரத்தடியில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெற்றேன். நிலையத்தின் பெயரையும் அலுவலரின் பெயரையும் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. ஆட்கள் மாறினாலும் இந்த வழக்கம் மாறவில்லை என்பதால், எங்கள் முறையீடு ஒரு தனிமனிதர் மீது அல்ல.

இடத்தைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து மீன் இறங்குதளத்துக்குத் திரும்பும் வளைவு, ஒற்றை வேப்பமரம், எதிரே ஐஸ் கம்பெனி. சாகர் கவாச் என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் நாட்களில் காவல் வண்டிகள் வரிசையாக நிற்பதும் அந்த மரத்து நிழலில்தான்.

1. அதிகாலை நான்கரை மணிக்கு இறங்குதளத்தில் ஏலம். ஆறு மணிக்கு மரத்தடியில் சட்டியை இறக்குவோம். ஒன்பதரைக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போய்விடுவோம். அங்காடிக் கட்டடம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே பேருந்தும் நிற்காது, வாங்குவதற்கு ஆளும் வராது.

2. நாங்கள் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை என்று சாதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேரும்போது சட்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சாலைக்குள் ஒரு முழம் நகர்ந்துவிடுவது உண்மைதான். அதற்காக எங்கள் மீது பொதுவழியில் இடையூறு என்று வழக்குப் பதிகிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவில் இதற்கு 200 ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் அதுவே 5,000 ரூபாய் வரை போகலாம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளிலேயே டெல்லியில் ரயில் நிலையம் அருகே ஒரு நடைபாதை வியாபாரி மீது இதே பிரிவில் வழக்குப் பதிந்து, பின்னர் அதைக் கைவிட்டார்கள் என்று செய்தித்தாள்களில் படித்தோம். தலைநகரத்துக் காவல்துறை மனது வைத்தால் பதிந்த வழக்கையே விட முடிகிறது. இங்கே பதியாமலும் விடலாம், எச்சரித்தும் விடலாம், பதியவும் செய்யலாம். மூன்றும் அந்த நேரத்தில் வண்டியிலிருந்து இறங்கும் காவலரின் கையில் இருக்கின்றன. அந்த அதிகாரத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அது எந்த அளவுகோலில் நடக்கிறது என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

3. எங்களுக்கு அபராதத்தைவிடப் பெரிய துன்பம் மீன் பறிபோவது. இதைத் தாங்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் என் தாயார் ஏலத்தில் 4,200 ரூபாய்க்கு மீன் எடுத்திருந்தார். அதில் பெரும்பங்கு சூடை. மேலே கொஞ்சம் காரலும் இரண்டு கிலோ கணவாயும். பணம் சொந்தப் பணம் அல்ல, காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்ப வேண்டிய பணம். ஏழு மணிக்கு வண்டி வந்தது. சட்டி கோட்டுக்கு வெளியே இருந்தது. "உள்ளே இழுத்துக்கொள்கிறேன் ஐயா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சட்டி, ஐஸ் பெட்டி, தராசு மூன்றும் வண்டியில் ஏறிவிட்டன. பின்னாலேயே அவரும் நானும் நிலையத்துக்கு ஓடினோம். வாசலில், பல வருடங்களாகத் துருப்பிடித்து நிற்கும் பறிமுதல் இருசக்கர வாகனங்களுக்கு இடையில் சட்டியை வைத்திருந்தார்கள். ரைட்டர், "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், வரட்டும்" என்றார். எட்டரை மணிக்குச் சட்டியின் மேல் வெயில் வந்தது. நிழலுக்கு நகர்த்தட்டுமா என்று கேட்டதற்கு, வழக்குச் சொத்தைத் தொடக்கூடாது என்றார்கள். பத்து மணிக்கு ஐஸ் முழுவதும் உருகி, சட்டியின் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வழிந்து வாசற்படி வரை ஓடியது. காக்கைகள் வந்தன. என் தாயார் முந்தானையை இரண்டாக மடித்துச் சட்டியின் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சூடையைப் பற்றிக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அது வெயிலைத் தாங்காத மீன், முதலில் வயிறு உடையும். பதினொரு மணிக்கு உடைய ஆரம்பித்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அலுவலர் வந்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு, "எடுத்துக்கொண்டு போம்மா, இனிமேல் உள்ளே தள்ளி வை" என்றார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் காலை ஏழு மணிக்கே சாலையில் வைத்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

அந்த மீனைக் கருவாடு போடவும் முடியவில்லை. வயிறு உடைந்த மீன் உப்பில் நிற்காது. தீவனத்துக்கு எடுப்பவர் மொத்தச் சட்டிக்கும் 150 ரூபாய் கொடுத்தார். வட்டிக்காரர் அன்று மாலை வழக்கம்போல் வந்தார். வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்களானால், பிறகு ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போய் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினோம்; அந்த ஒருநாள் வியாபாரமும் போயிற்று. நீதிமன்றம் விதித்த அபராதம் சில நூறு ரூபாய்தான். நிலைய வாசலில் விதிக்கப்பட்டது நான்காயிரத்துக்கும் மேல். இரண்டாவதை விதிக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான் ஐப்பசியில் கேட்டோம், தையில் கேட்டோம், இப்போதும் கேட்கிறோம்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஒருமுறையாவது அந்த வாசலில் நின்றவர்கள். ஒருவரின் எலக்ட்ரானிக் தராசு மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது, அதுவும் மழையில் நனைந்து எண் தெரியாமல்.

4. தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் வந்தது. எங்கள் ஊர் பேரூராட்சி என்பதால் அது எங்களுக்கும் பொருந்தும். அதன் 3-ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக்கூடாது. எங்களிடம் கணக்கெடுக்க இதுவரை யாரும் வரவில்லை. அதற்குக் காவல்துறை பொறுப்பல்ல என்பதை அறிவோம். ஆனால் 19-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. உள்ளாட்சி அமைப்பே பொருளைப் பறிமுதல் செய்தாலும் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால் கேட்ட அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சந்தைக்குப் பொறுப்பான அமைப்புக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஒரு முழ இடையூறுக்காக ஏழு மணிநேரம் மீனை வெயிலில் வைப்பது எந்த விதியில் வருகிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, பொருளைக் கைப்பற்றும்போது பட்டியலும் சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும், அதைக் காணொளியாகவும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எங்களுக்குப் பட்டியல் தரவில்லை. காணொளி எடுத்ததையும் நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் கைப்பேசியை எடுத்தபோது மட்டும் "என்னம்மா, படம் பிடிக்கிறியா" என்று கேட்டார்கள்.

5. வேறு யாரும் சாலையை அடைப்பதில்லையா, ஐயா? 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, தூக்குப்பகுதி மேலே போவதைப் பார்ப்பதற்காகச் சாலைப் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பவர்களைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் வளைவில் விடுதிகளுக்கு வரும் சுற்றுலா வேன்கள் காலை முழுவதும் இரட்டை வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநரைக் கூப்பிட்டு "எடுப்பா" என்கிறார்கள், அவரும் எடுக்கிறார், அதோடு முடிந்தது. அந்த ஓட்டுநர் மீது வழக்குப் போடச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு சொல்லை எங்களுக்கும் தரக் கேட்கிறோம்.

தலைக்கவசம் இல்லாமல் ஏலத்துக்குப் போகும் எங்கள் வீட்டு ஆண்களைப் பிடித்து 1,000 ரூபாய் அபராதம் போடுகிறார்கள். அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை, தலை எங்கள் வீட்டுத் தலை. மீன் விஷயம் அப்படியல்ல. பத்து நாள் கண்டும் காணாமல் போகிறார்கள், பதினோராவது நாள் வண்டியில் ஏற்றுகிறார்கள். விட்டால் தயவு, பிடித்தால் சட்டம் என்றாகிவிட்டது. தயவு என்று வந்துவிட்டால் அதற்கு நண்டு, இறால் என்று ஒரு விலையும் வந்துவிடுகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டதால் நிறுத்திக்கொள்கிறேன்.

6. பதில் ஏன் இல்லை? மறுப்பாக இருந்தாலும் ஒரு வரி எழுதக்கூடாதா? தை மாத மனுவுக்காகப் பதினான்கு பேரும் ஆளுக்குப் பணம் போட்டுத் தட்டச்சு செய்து அனுப்பினோம். அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கப் போனவரை, மனு எண் இருந்தால் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எண் கொடுக்க வேண்டியவர்கள் நாங்களா?

7. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். விலை ஏறும், கூட்டமும் ஏறும். வருடத்தில் நாங்கள் கடனைக் கொஞ்சம் குறைக்கும் நாட்கள் அவைதான். சட்டிகள் வண்டியில் ஏறுவதும் அந்த நாட்களில்தான் அதிகம். அதற்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால்தான் இந்த அவசரம்.

ஆகவே ஐயா அவர்கள், இடையூறு என்று கண்டால் முதலில் வாய்மொழியாக எச்சரித்துச் சட்டியை உள்ளே தள்ளச் சொல்லவும், அதற்குப் பிறகும் கேட்காதவர் மீது வழக்குப் பதிந்தாலும் மீனை எடுத்துச் செல்லாதிருக்கவும், தவிர்க்க முடியாமல் எடுத்தால் அந்த இடத்திலேயே பட்டியல் தந்து ஒரு மணிநேரத்துக்குள் திருப்பிக் கொடுக்கவும் நிலையங்களுக்கு எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறோம். காலை ஆறு முதல் ஒன்பதரை வரை எந்தக் கோட்டுக்குள் நாங்கள் உட்காரலாம் என்பதைப் பேரூராட்சியோடு பேசிச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டினால், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம். தாண்டுபவரை நாங்களே சத்தம் போடுவோம். தராசை வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பெயரில் வழக்கை எழுதுங்கள், நீதிமன்றத்துக்கு வரச் சொல்லுங்கள், வருகிறோம். மீனை மட்டும் வெயிலில் வைக்க வேண்டாம். மீண்டும் மீண்டும் இதையே எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எங்களுக்குக் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை.

இம்மனுவுக்கு எண்ணிட்ட ரசீது வழங்கவும், பதிலைக் குறுஞ்செய்தியாக அல்லாமல் தாளில், தமிழில் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம். எங்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது; தாளாக வந்தால் மரத்தடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கடற்கரைச் சாலை மீன் விற்கும் மகளிர்
(கையொப்பம் ஆறு, கைநாட்டு எட்டு)

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் நகல், பதிவஞ்சல் ஒப்புகை அட்டையின் நகல், ஆவணி ஞாயிறு காலை ஏலச் சீட்டு.