ஏத்தங்காய் மாவு வருகிறது, மக்களே

மக்களே,

பக்கத்து வீட்டுப் பையன் வியாழக்கிழமை சவூதியில் நீ இருக்கும் தம்மாமுக்கு வருகிறான். அவனிடம் ஏத்தங்காய் மாவு கொடுத்துவிட்டிருக்கிறோம். நம் விளையில் வெட்டிய வாழைக்குலை. அம்மை தோல் சீவி, மெலிதாக அரிந்து ஓலைப்பாயில் காயப்போட்டாள். மழை விட்டபாடில்லை, பாயை உள்ளே எடுப்பதும் வெளியே போடுவதுமாகத்தான் இருந்தோம். துண்டை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் பூசணம் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துத்தான் பொடித்தாள். இரண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்டு. கொஞ்சம் கருப்பட்டி போதும்.

வெறும் வயிற்றில் மட்டும் மாத்திரை போடாதே.

நீ வந்துபோன பிறகு, துவைக்க எடுத்த சட்டைப்பையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. எல்லாம் காலி. போனில் கேட்க வேண்டாம் என்றாள் அம்மை. நானும் கேட்கவில்லை.

இரைப்பையை அதன் சொந்த அமிலத்திலிருந்து காப்பது ஒரு சளிப்படலம் என்று பத்தாம் வகுப்பில் நான்தானே உனக்கு நடத்தினேன். அந்தச் சளியை ஊறவைப்பது புராஸ்டாகிளாண்டின் என்று உடம்பே உண்டாக்கும் ஒரு பொருள். வலியைக் கூட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வலி மாத்திரை அதன் உற்பத்தியையே அடைக்கிறது. வலி குறையும், சளியும் குறையும். ஆஸ்பிரினை வைத்து ஜான் வேன் என்ற விஞ்ஞானி 1971-இல் கண்டுபிடித்தது இது. 1982-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

பச்சை வாழைக்காயின் பொடி, ஆஸ்பிரினால் வரும் புண்ணை எலிகளுக்குத் தடுத்தது என்று 1980-களிலேயே ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் அது எலி, மக்களே. மாவு இருக்கிறதே என்று தினமும் மாத்திரை விழுங்காதே. மணத்தக்காளி வற்றலும் வைத்திருக்கிறாள் அம்மை, சாப்பிடு. அதிமதுரத்தை நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். வயிற்றுக்கு நல்லது என்பார்கள், ஆனால் பிரஷரைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். வலி மாத்திரையும் பிரஷரைக் கூட்டும். நம் குடும்பத்து பிரஷர் உனக்கும் வந்தாச்சு. அப்பூப்பன் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும்.

தங்கச்சி கல்யாணக் கடனை அடைத்தவன் நீ. சர்ச்சில் நாலு பேர் அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். அதற்காக வலியை அமுக்கிக்கொண்டு ஓவர்டைம் பார்க்க யார் சொன்னது? வீட்டு வேலை பாதியில் நின்றால் நிற்கட்டும். முதுகா, முட்டா, எங்கே வலிக்கிறது என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லையே நீ.

மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் ரத்தம் கண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. லீவு கிடைக்குமா என்று யோசிக்காதே. வயிறு வலிக்காமலேயே உள்ளே ரத்தம் கசியும். டாக்டரிடம் எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று மறைக்காமல் சொல். மாத்திரை தேவைதான் என்றால் கூடவே அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற ஒன்றை எழுதித் தருவார். வெறும் வயிற்றில் போடாதே.

மாவு கைக்கு வந்ததும் கூப்பிடு. அம்மையிடம் பேசிவிட்டு போனை என்னிடம் தரச் சொல். எங்கே வலி என்று என்னிடம் சொல்.

அப்பா