லங்காவித் தீவில் இருக்கும் ஐயாவுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தங்கச்சி உனக்குப் பார்சல் அனுப்புகிறாள், அதற்குள் இதையும் வைக்கச் சொன்னேன். போனில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில்தான் வருவதில்லை. தாளில் எழுதினால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எடுத்துப் படிப்பாய்.

தீபாவளி வரைக்கும் அங்கேயே இருக்கப் போவதாகத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். சரி. வேலை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல். ஆனால் நீ தங்கியிருக்கும் ஊர் எனக்குத் தெரிந்த ஊர். பெரியப்பா அங்கே ஹோட்டலில் சலவைப் பகுதியைப் பார்த்துக்கொண்ட காலத்தில் பள்ளி விடுமுறை வந்தால் நாம் எல்லோரும் அங்கேதான் கிடப்போம். அதனால் அங்கே எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் அறை. பந்தாய் செனாங் பெரிய ரோட்டை ஒட்டியே எடுத்திருக்கிறாயாம். அங்கே வேண்டாம் ஐயா. பகலில் பார்த்தால் வசதியாகத்தான் தெரியும், இறங்கினால் கடை, நடந்தால் கடல். ராத்திரி பாட்டுச் சத்தம் நிற்பதற்கு வெகுநேரம் ஆகும். தூக்கம் கெட்டால் மனுஷன் எழுந்து வெளியே போவான். வெளியே போனால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் தெற்கே தள்ளி பந்தாய் தெங்காவில் பார், அதே கடல், சத்தம் குறைவு. இல்லையென்றால் கெடாவாங் பக்கம் உள்ளே தள்ளி, கம்பத்து (கிராமத்து) வீடுகளை மாத வாடகைக்கு விடுகிறார்கள். நாள் கணக்கில் கொடுப்பதற்கும் மாதமாகப் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம். இப்போது மழைக்காலம், ஆள் வரத்து குறைவு, நீ கேட்டால் குறைத்துத்தான் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்படாதே. டிசம்பரில் மழை விட்டுக் கூட்டம் வந்தால் வாடகை ஏறிவிடும். அதற்குள் நீ வீட்டுக்கே வந்துவிடுவாய்.

அறையைப் பார்க்கப் போனால் கதவைத் திறந்ததும் மூச்சை இழுத்துப் பார். பூஞ்சை வாடை வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதே. அந்த ஊர்க் காற்றில் எதுவும் காயாது. பெரியப்பாவின் இடுப்பு வாரை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தால் உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கும், விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிரும். உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது, மறக்க வேண்டாம். ஜன்னல் திறக்கிறதா, வலை கிழியாமல் இருக்கிறதா, ஏர்கண்டிஷனில் இருந்து தண்ணீர் சொட்டுகிறதா, இதையெல்லாம் பார். முக்கியமாக அடுப்பு இருக்கிற இடமாக எடு. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. சோறு பொங்கி ஒரு குழம்பு வைக்க உனக்குத் தெரியும், தங்கச்சியை விட நீதான் நன்றாகச் சமைப்பாய், இதை அவளே சொல்வாள். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் சாப்பிட்டுவிடு. வெறும் வயிற்றோடு சாயங்காலம் வெளியே போகாதே.

கடலைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். உனக்கு நீச்சல் தெரியும், பள்ளியில் கோப்பை வாங்கினாய், அது இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. குளத்து நீச்சல் வேறு, இது வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் தென்மேற்குக் காற்றுக்கு அலை முரட்டுத்தனமாக இருக்கும். கரைக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது சில இடத்தில் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் மேலே அலை உடையாமல் அமைதியாக இருப்பது போலத் தெரியும். ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது, எவ்வளவு பலசாலியும் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டு. சிவப்புக் கொடி போட்டிருந்தால் முழங்கால் வரைக்கும்கூட வேண்டாம்.

அப்புறம் சொறி மீன். பெரியப்பாவின் முழங்கையில் இருந்த வடுவை நீ தொட்டுத் தொட்டுப் பார்ப்பாயே, சாட்டையால் விளாசியது போல மூன்று கோடு. பெட்டி ஜெல்லி மீன் என்று சொல்கிற வகை அந்தக் கடலிலும் உண்டு, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது, அது பட்டு உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு கரையில் இருக்கிறவர்களைக் கேட்காமல் இறங்காதே. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரை அரை நிமிஷமாவது விடாமல் ஊற்ற வேண்டும், பிறகுதான் ஒட்டியிருக்கும் நூலை எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ மார்பு வலித்தாலோ 999. ஆஸ்பத்திரி குவா டவுன் பக்கம், செனாங்கிலிருந்து காரில் அரை மணி நேரம் பிடிக்கும். பார்சலில் ஒரு பாட்டில் வினிகர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே கிடைக்காது என்பதற்காக இல்லை. நீ வாங்க மாட்டாய் என்பதற்காக.

ராத்திரியில் கடலில் இறங்காதே. காவலுக்கு இருக்கிறவர்கள் பகலில்தான் இருப்பார்கள். சேர்ந்து வருகிற கூட்டாளிகள் கூப்பிட்டாலும் இறங்காதே. அவர்கள் எந்த நிலைமையில் கூப்பிடுகிறார்கள் என்று பார். சாயங்காலத்துக்கு மேல் கடல் பக்கமே போக வேண்டாம்.

சுற்றிப் பார்க்கிறதாக இருந்தால் காலையில் போ. பதினொரு மணிக்கு மேல் மூன்று மணி வரை அந்த வெயில் தோலை உரித்துவிடும், மேகம் போட்டிருந்தாலும் உரிக்கும். மச்சின்சாங் மலைக்குக் கம்பி வண்டியில் போகலாம், காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்புவதற்கு முன்னால் கேட்டுக்கொள். தெலாகா துஜோ அருவிக்கு அறுநூறுக்கு மேல் படி. நீயும் அப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு ஏறினீர்கள், நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மழைக்குப் பிறகு அந்தப் பாறை வழுக்கும். குரங்கு நிறைய, கையில் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் பறிக்கும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போ.

டிங்கிக் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பெனடோல் (பாராசிட்டமால்) மட்டும் போடு, வேறு வலி மாத்திரை போடாதே, இரத்தக் கசிவில் கொண்டு விடும். அதுவும் அளவோடு. பெனடோலை வேறு எதோடும் சேர்க்கக் கூடாது, ஈரலுக்கு ஆகாது. அப்பாவுக்கு டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

அந்தத் தீவில் பஸ் வசதி குறைவுதான். கிரேப் (Grab) வாடகைக் கார் கிடைக்கும், மோட்டார் சைக்கிளும் வாடகைக்கு எடுக்கலாம். மோட்டார் எடுத்தால் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வை, இருக்கிற கீறல் எல்லாம் தெரிய வேண்டும். ஐ.சி.யை (அடையாள அட்டையை) அடமானமாகக் கேட்டால் கொடுக்காதே, வேறு கடைக்குப் போ. மழை ஈரத்தில் மெதுவாக ஓட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் செனாங் ரோட்டில் எதிரே வருகிறவன் எப்படி வருகிறான் என்று சொல்ல முடியாது. 2020இல் சட்டத்தைக் கடுமையாக்கியும் ஜனங்கள் கேட்பதில்லை. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 30,000 வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, லைசன்ஸும் போய்விடும். ராத்திரி போக வேண்டியிருந்தால் கிரேப் பிடி. மோட்டார் வேண்டாம். காசு போனால் போகட்டும், நான் போட்டு விடுகிறேன்.

பேங்க் வேலை, அரசாங்க வேலை எதுவாக இருந்தாலும் ஞாயிறு முதல் வியாழனுக்குள் முடித்துவிடு. கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, இதை மறந்துவிட்டுப் போய் நிற்பாய். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளுக்கு ஓர் இடத்தில் போடுவார்கள், புதனும் சனியும் குவாவில். காய்கறி, மீன் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள். குவாவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமையாவது போய் நின்றுவிட்டு வா.

இன்னொன்று. மாமா உன்னிடம் ஏதாவது வாங்கி வரச் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். 1987இல் அந்தத் தீவை வரி இல்லாத ஊராக்கியதிலிருந்து போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி அனுப்புவது அவர் பழக்கம். 48 மணி நேரம் தங்கினால் ஒரு லிட்டர் கொண்டு வரலாம் என்று கணக்குச் சொல்வார். வாங்காதே. அந்தக் கடைக்குள்ளேயே போகாதே. அவர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். எனக்குச் சாக்லேட்டும் வேண்டாம், கண்ணாடிச் சட்டியும் வேண்டாம், எல்லாம் அதே கடையில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். முழங்காலுக்குக் காமாட் (கடல் அட்டை) எண்ணெய் மட்டும் ஒரு பாட்டில், அது பாசாரிலேயே கிடைக்கும்.

ஐயா, நீ கெட்டிக்காரன். அப்பா போன பிறகு தங்கச்சியின் காலேஜ் பணத்தை யாரிடமும் கை நீட்டாமல் கட்டினாய். ராத்திரி வேலை முடிந்து வந்து, தூங்காமல் அவளைத் தேர்வுக்குக் கூட்டிப் போனாய். இந்தக் குடும்பத்தில் யாரையும் நீ கைவிட்டதில்லை. அப்படிப்பட்டவன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை பதில் போட நேரமில்லை என்றால் நான் என்ன நினைப்பது? போன வாரம் ஒரு நாள் நடு ராத்திரியில் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சரியாக ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாயாம். அவள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. உன் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். அழுதாள்.

அப்பாவின் கடைசி வருஷம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன் போடு. பேச வேண்டியது ஒன்றும் இல்லாவிட்டாலும் போடு, என்ன குழம்பு வைத்தாய் என்று சொல், போதும். ஏழு மணிக்கு முடியாமல் போனால் ராத்திரி ஒரு மணி ஆனாலும் போடு. எந்த நிலைமையில் இருந்தாலும் போடு. நான் எடுப்பேன், எதுவும் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்க வேண்டும் என்று நீ சொன்னால் கூட வருகிறேன். அரசாங்கக் கிளினிக்கிலேயே இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்காவின் மருமகன் போய் வந்து இப்போது நன்றாக இருக்கிறான்.

பள்ளி விடுமுறை விட்டதும் தங்கச்சியும் நானும் வருகிறோம். கோலா பெர்லிஸிலிருந்து பெர்ரியில் ஒன்றேகால் மணி நேரம்தான், அலை இருந்தால் எனக்குத் தலை சுற்றும், அதனால் காலை பெர்ரிக்கே டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ படகுத்துறைக்கு வர வேண்டாம், நாங்களே கிரேப் பிடித்து வந்துவிடுவோம். எனக்குப் படி ஏற முடியாது, கீழ்த்தளத்தில் அடுப்போடு இருக்கிற அறையாகப் பார்த்து வை. எத்தனை நாள் என்று இப்போது சொல்ல மாட்டேன். எந்த இடம் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் தங்கச்சிக்கு எழுதிவிடு, டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா