தரவைப் பார்க்காமல் கையெழுத்தா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

திரும்பப் பெறப்படும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். தவறு செய்த ஆய்வாளர்களைச் சாடியது சரி, ஆனால் வெளியிட்ட இதழின் பொறுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. 2020 மே 22 அன்று 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றிய கட்டுரை 671 மருத்துவமனைகள், 96,000-க்கு மேற்பட்ட கொரோனா நோயாளிகள் என்று கணக்குக் காட்டி, அந்த மருந்து இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று சொன்னது, அதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் சில நாட்களிலேயே அந்த மருந்தின் பரிசோதனையை நிறுத்தி வைத்தது, அப்புறம் பார்த்தால் தரவைத் திரட்டியதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதை வெளி ஆய்வாளர்களிடம் முழுமையாகத் தர மறுத்துவிட, அந்நிறுவனத் தலைவர் நீங்கலாக மற்ற மூன்று கட்டுரையாசிரியர்களும் ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பதின்மூன்றே நாள்! அச்சேறும் முன்பே யாராவது மூலத் தரவைக் கேட்டிருக்க வேண்டாமா?

இது எங்கோ நடந்த கதை இல்லை. நான் மருத்துவப் புள்ளியியலில் வேலை பார்ப்பவன். அண்மையில் என்னிடம் வந்த ஒரு கட்டுரையில் ஏழு பேர் பெயர் இருந்தது, நோயாளிகளின் விவரக் கோப்பைத் திறந்து பார்த்திருந்தவர் ஒரே ஒரு முதுநிலை மாணவர். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை விவகாரத்துக்குப் பிறகு, ஒருவருக்கு மேற்பட்ட கட்டுரையாசிரியர்கள் தரவை நேரடியாகப் பார்த்துச் சரிபார்த்ததாக உறுதியளிக்க வேண்டும் என்று லான்செட் விதியை மாற்றியது. இந்திய மருத்துவ இதழ்கள் அனைத்தும் இதைக் கட்டாயமாக்கி, சரிபார்த்தவர்களின் பெயரைக் கட்டுரையிலேயே அச்சிட வேண்டும்.

மருத்துவப் புள்ளியியலாளர்,
மதுரை