மூன்றாம் இரவுக்குப் போனவனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி நீ அனுப்பியிருந்த செய்தியை மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே படித்தேன். ‘ஏமாந்துவிட்டேன் மாமா.’ அவ்வளவுதான். ரயிலில் எவனோ பணப்பையை அடித்துவிட்டான் என்று பதறி உன்னை அழைத்தால், நீ காத்திருந்த பாட்டை யோ லா டெங்கோ ராக் குழு வாசிக்கவில்லையாம். அதற்குத்தான் அந்த இரண்டு சொல் ஒப்பாரி. வாரக் கடைசியில் அடுத்த செய்தி வந்தது. அதே பாட்டை வேறோர் இரவில் வாசித்துவிட்டார்களாம். கூடவே அந்த இரவின் பாட்டு வரிசையைப் படம் எடுத்து, ஒரே ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். என் கணக்கு வாத்தியார்கூட என் விடைத்தாளில் இத்தனை கோபமாக வட்டம் போட்டதில்லை.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நோய் உனக்கு மட்டும் வந்ததில்லை. ஹனுக்கா பண்டிகைக்கு அவர்கள் வாசிக்கும் எட்டு இரவுக் கச்சேரிக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் ஒன்பதாம் நாள் வரும். அதனால்தான் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. அக்காவிடம் போய் மூட்டிவிடாதே.

முதலில் உன் குற்றச்சாட்டுகளில் எவையெல்லாம் நியாயம் என்று சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விற்பனை தொடங்கிய காலையில் நீ வகுப்பிலும் நான் அலுவலகத்திலும் இருந்துகொண்டு திரையைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்தது உண்மை. சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துபோய், உனக்கு மூன்றாம் இரவு, எனக்கு ஐந்தாம் இரவு என்று ஒற்றை ஒற்றையாகக் கிடைத்ததும் உண்மை. மறுவிற்பனைக்காரர்கள் அதே டிக்கெட்டை அன்று மாலையே பல மடங்கு விலைக்கு வைத்திருந்ததைப் பார்த்து நீ சொன்ன கெட்ட வார்த்தையை நான் கேட்காததுபோல் இருந்தேன். அதுவும் நியாயமான வார்த்தைதான்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் வினை. பழைய ஆண்டுகளின் பாட்டு வரிசைகளை எல்லாம் தேடி எடுத்து, எந்தப் பாட்டு எத்தனை இரவுக்கு ஒருமுறை வருகிறது என்று அட்டவணை போட்டாய். மூன்றாம் இரவில் உன் பாட்டு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று விழுக்காட்டோடு சொன்னாய். படிக்கிற படிப்பு எங்காவது பயன்பட வேண்டுமே என்று நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அப்போதே உன் காதைத் திருகியிருக்க வேண்டும்.

இந்தக் குழுவின் பெயர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? பேஸ்பால் கதை அது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி தன் முதல் பருவத்தை ஆடி 120 ஆட்டங்களில் தோற்றது. நடுவே நின்று பந்தைப் பிடிப்பவர் ரிச்சி ஆஷ்பர்ன். அவருக்கு முன்னால் நிற்பவர் வெனிசுவேலாக்காரர் எலியோ சாக்கோன். ஆங்கிலம் தெரியாது. உயரே எழும்பிய பந்துக்காக இருவரும் ஓடி வந்து அடிக்கடி மோதிக்கொண்டார்கள். அதனால் ஆஷ்பர்ன் ‘யோ லா டெங்கோ’, அதாவது ‘நான் பிடிக்கிறேன்’ என்று ஸ்பானிய மொழியில் கத்தக் கற்றுக்கொண்டார். ஒருநாள் பந்து மேலே போகிறது, இவர் கத்துகிறார், சாக்கோன் சமர்த்தாக நின்றுவிடுகிறார். ஆஷ்பர்ன் நிம்மதியாகப் பந்துக்குக் கீழே வந்து நிற்கும்போது, ஸ்பானியம் தெரியாத ஃபிராங்க் தாமஸ் இடப்பக்கத்திலிருந்து ஓடிவந்து அவர்மேலேயே மோதிவிட்டார். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை, எவ்வளவு நிஜம் என்று கேட்காதே. எல்லா ஏற்பாடும் செய்து முடித்த பிறகும் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒருவன் வந்து மோதுவான் என்பதையே பெயராக வைத்துக்கொண்ட குழுவிடம் நீ அட்டவணையோடு போயிருக்கிறாய்.

நீ பார்த்த நியூயார்க் பவரி பால்ரூம் பெரிய இடம். சிரிக்காதே, ஐந்நூற்றுச் சொச்சம் பேர் கொள்ளும் அரங்கு எங்கள் காலத்துக்காரர்களுக்குப் பெரிய இடம்தான். கீழே மதுக்கூடத்தில் குளிருக்கு ஒதுங்கி நிற்கலாம், மாடிக்கு மேல் மாடி இருக்கிறது, முழங்கையை நீட்டினால் அடுத்தவர் விலாவில் இடிக்காத மூலைகூட உண்டு. நான் சொல்ல வருவது ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில் இருந்த மேக்ஸ்வெல்ஸ் பற்றி. ஹோபோக்கனில் வாஷிங்டன் தெருவும் பதினொன்றாம் தெருவும் சந்திக்கும் முனை. பக்கத்தில் இருந்த மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி ஆலையால் வந்த பெயர். ஆலைத் தொழிலாளர்கள் வந்து குடித்துப்போன அந்தக் கடையை 1978இல் ஸ்டீவ் ஃபாலன் பாட்டுக் கேட்கும் இடமாக மாற்றினார். முன்னால் சாப்பாட்டு மேசைகள். பின்னால் ஓர் அறை. இருநூறு பேர் நின்றால் சுவர் வியர்க்கும்.

1989இல், உலகம் இன்னும் அறியாத நிர்வாணா ராக் குழு அங்கே வாசித்திருக்கிறது. ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் பாட்டு ஒன்றுக்கு அங்கே படம் பிடித்தார். ஐரா கப்லான் அந்த அறையில் ஒலிப்பலகையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அவரும் ஜார்ஜியா ஹப்லியும் 1984இல் ஹோபோக்கனில் தொடங்கியதுதான் யோ லா டெங்கோ. இருவரும் கணவன் மனைவி. ஜேம்ஸ் மெக்நியூ 1992இல் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து இந்த மூவர்தான்.

2001இல் ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவுகளும் மேக்ஸ்வெல்ஸில் வாசிப்பதென்று தொடங்கினார்கள். யூதர்களின் விளக்குப் பண்டிகை அது. ஒருநாளைக்குப் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை. இரவுக்கு ஒரு விளக்காகக் கூட்டிக்கொண்டு போவார்கள். கார்த்திகைக்கு அகல் ஏற்றி வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் இரவும் முதலில் வாசிக்க ஒரு குழு வரும், நடுவில் நகைச்சுவையாளர் ஒருவர் வருவார். டேவிட் கிராஸ், டாட் பேரி போன்றவர்கள் வந்து போயிருக்கிறார்கள். சன் ரா ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழு தன் பளபளக்கும் அங்கிகளோடு வந்து மேடையை நிறைத்த இரவுகளும் உண்டு. யார் வருவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். வசூல் ஏதாவதொரு நற்பணிக்குப் போகும். இரவுக்கு இரவு பாட்டு வரிசை மாறும். கடைசி இரவில் ஐராவின் அம்மா மேடையேறி ஒரு பழைய பாட்டைப் பாடி முடித்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

உன் தாத்தா ஊர்த் திருவிழாவை நினைத்துப் பார். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்கு லீவு போட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்பதாம் நாள் தேருக்குத்தான் வருவார்கள். உன் பாட்டிக்கு மட்டும் நடுவில் ஒரு நாள், கூட்டம் குறைந்த இரவில், வாகனம் தெருமுனை திரும்பும்போது நாதஸ்வரக்காரர் நின்று நிதானமாக வாசிப்பதுதான் திருவிழா. ‘தேரை ஊரே பார்க்கும், இதை யார் பார்ப்பார்’ என்பாள். எனக்கு அப்போது பத்து வயது. பொரிகடலை வாங்கித் தருவாள் என்பதால் கூடப் போனேன்.

உன் மூன்றாம் இரவு ‘மெதுவாகவே போனது’ என்று குறை சொல்கிறாய். ஐரா கிதாரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, உலுக்கி, அது ஊளையிடும் வரை விடாமல் மல்லுக்கட்டும் இரவு உனக்குக் கிடைக்கவில்லை. 66 வயதில் அந்த மனிதர் அதைச் செய்வதைப் பார்ப்பது ஒரு பாக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஐந்தாம் இரவில் கொஞ்சம் கிடைத்தது. காதில் அடைப்பான் வைத்திருந்தும் மறுநாள் கூட்டத்தில் மேலதிகாரி பேசியது பாதி விழவில்லை. நஷ்டமில்லை.

ஆனால் ஜார்ஜியா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்பதுபோலப் பாடும்போது, அரங்கில் பனிக்கட்டி கோப்பையில் விழும் சத்தம் கேட்கிறதே, அதைக் கவனித்தாயா? ‘பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒரு பெண் திரும்பி அதட்டினாள்’ என்று நீயேதான் எழுதியிருந்தாய். சத்தமான பாட்டில் யார் பேசினாலும் யாருக்கும் தெரியாது. ஐந்நூறு பேரில் இரண்டு பேர் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது என்றால், மீதிப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்று பொருள். நீயும் நின்றிருக்கிறாய். அந்த இரவைப் பற்றி நீ எழுதியதில் எனக்குப் பிடித்த வரி அதுதான். பாட்டு வரிசையைப் பார்த்த பிறகுதான் அதை மறந்துபோனாய்.

இப்போது என் கதை. 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் ஹோபோக்கனைத் தண்ணீரில் மூழ்கடித்தது. டிசம்பரில் ஹனுக்கா வந்தபோது நியூயார்க்கிலிருந்து வரும் பாத் ரயிலின் ஹோபோக்கன் நிலையம் இன்னும் திறக்கவில்லை. நான் அலுவலகம் முடிந்து, நியூயார்க் துறைமுக ஆணையப் பேருந்து நிலையத்திலிருந்து 126ஆம் எண் பஸ்ஸைப் பிடித்து, நெருக்கியடித்து, வாஷிங்டன் தெருவில் இறங்கிப் போனேன். ஓர் இரவுக்குத்தான் போனேன். கடைசி இரவுக்கும் ஒரு டிக்கெட் கைக்கு வந்தது. நண்பர் ஒருவருக்குப் போக முடியவில்லை, வாங்கிய விலைக்கே தருகிறேன் என்றார். மறுபடி அந்த பஸ்ஸா, மறுபடி அந்தக் குளிரா, நாளைக்கு வேலை வேறு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தூங்கினேன்.

2013 ஜூலை 31 அன்று மேக்ஸ்வெல்ஸ் மூடப்பட்டது. வாடகை, வண்டி நிறுத்த இடமில்லாமை, மாறிப்போன ஊர் என்று காரணங்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு ஹனுக்கா கச்சேரி இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. 2017இல்தான், ஆற்றின் அந்தக் கரையில், நீ போன அரங்கில் மீண்டும் தொடங்கினார்கள்.

தவறவிட்ட அந்தக் கடைசி இரவின் பாட்டு வரிசையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று சபதம் ஒன்றும் இல்லை. தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். மோர்க்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாம் இரவு பற்றிக் கேட்டிருந்தாய். டெலான்சி தெருவில் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் என் வயதுக்காரர் ஒருவர், எட்டு இரவுக்கும் டிக்கெட் வாங்கியவர். இன்றைக்கு முதலில் வாசிப்பது யார் என்று ஊகிக்கச் சொன்னால், ‘சொல்லமாட்டேன், இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை’ என்றார் பெருமையாக. உள்ளே விளக்கு அணைந்து, மேடையில் ஒருவர் நிழலாக வந்து பிளக்கைச் செருகியபோது, அரங்கில் பாதிப் பேர் ‘ஓ’ என்றார்கள், பாதிப் பேர் ‘யார் அது’ என்றார்கள். நான் இரண்டாவது பாதி. எனக்கு முன்னால் இருந்தவரும் இரண்டாவது பாதிதான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கே ஒரு டிக்கெட் விலை கொடுக்கலாம்.

முதுகுவலி பற்றி எழுதவில்லை. மூன்றரை மணி நேரம் நின்றால் இந்த வயதில் என்ன ஆகும் என்பது உனக்கு இன்னும் முப்பது வருடம் கழித்துத் தெரிந்தால் போதும்.

ஒரு செய்தி. காலண்டரைப் பார்த்தேன். 2024இல் ஹனுக்கா டிசம்பர் 25 மாலைதான் தொடங்குகிறது. எட்டாம் விளக்கு புத்தாண்டு அன்று. மறுபடி வாசிப்பார்களா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வாசித்தால் உன் கல்லூரி விடுமுறையும் அதே நாட்கள். அதே நாட்களில் நீ திருநெல்வேலியில் இருக்க வேண்டும் என்று உன் அம்மா இப்போதே விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கச்சேரி டிக்கெட் வாங்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அக்காவிடம் பேசும் வேலை உன்னுடையது. அதற்கு ஓர் அட்டவணை போட்டு வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் மாமா
ஜெர்சி சிட்டி, டிசம்பர் 2023