பெட்டி லவெட்டும் திறமையும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மிக்க மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம்.

திறமை இருந்தால் என்றைக்காவது வெளியே வந்தே தீரும் என்று எழுதியிருந்தீர்கள். அண்மைக் காலமாக நான் விரும்பிக் கேட்டுவரும் அமெரிக்க சோல் (கறுப்பின மக்களிடையே பிறந்த, உணர்ச்சி ததும்பும் இசைவகை) பாடகி பெட்டி லவெட்டின் கதை, அதை ஒப்புக்கொள்ள என்னை விடவில்லை.

டெட்ராய்ட்டில் வளர்ந்த அவர், 1962இல், பதினாறு வயதில் பாடிய முதல் இசைத்தட்டே ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அதன்பின் நிறுவனங்கள் மாறினவே தவிர, ஒரு முழு ஆல்பம் அமையவில்லை. 1972இல், அலபாமாவின் மஸ்ல் ஷோல்ஸில், அட்லாண்டிக் நிறுவனத்துக்காக அதையும் பாடி முடித்தார். விளம்பரப் பயணத்துக்கு விமானச் சீட்டு வரை வந்துவிட்ட நிலையில், ஆல்பம் வெளிவராது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தவர் நாள்கணக்கில் வெளியே வரவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு சின்னச் சின்ன மதுக்கூடங்கள், இடையே ஓர் இசை நாடகம், 1982இல் மோட்டவுன் இசை நிறுவனம் வெளியிட்டும் பெரிதாக எடுபடாத ஓர் ஆல்பம், மீண்டும் மதுக்கூடங்கள்.

ஜில் பெட்டார் என்ற பிரெஞ்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் 1972இன் ஒலிநாடாவைத் தேடிக் கண்டெடுத்து, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிலைமை திரும்பியது அதற்குப் பிறகுதான். 2005இல் பெண்கள் எழுதிய பாடல்களை மட்டுமே கொண்ட ஆல்பம்; 2007இல் அதே மஸ்ல் ஷோல்ஸில் பதிவான இன்னொன்று, அதற்குக் கிராமி பரிந்துரை. 2008இல், கலைஞர்களைக் கௌரவிக்கும் கென்னடி மைய விழாவில், பிரிட்டனின் 'த ஹூ' ராக் இசைக்குழுவினரின் பாடலை அவர்கள் எதிரிலேயே பாடினார். மூலத்தில் உச்சக் குரலில் வெடிக்கும் அந்தப் பாட்டு, கரகரத்த அவருடைய குரலில் தயங்கித் தயங்கி ஒரு மன்றாட்டாக மாறுகிறது. அடுத்த மாதமே, ஒபாமா பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவகத்தில் நடந்த கச்சேரியிலும் பாடினார்.

இத்தனை ஆண்டு அடிபட்டதால்தான் அந்தக் குரலுக்கு ஆழம் வந்தது என்பார்கள்; நீங்களும் அதையே சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் 1972இன் பதிவைக் கேளுங்கள்: இருபத்தாறு வயதிலேயே அந்த ஆழம் முழுமையாக இருக்கிறது. வெளியே வரட்டும் என்று அதை நினைத்தவர்தான் யாருமில்லை. பெட்டார் வேறு ஏதோ நாடாவைத் தேடிப் போயிருந்தால் நமக்கு லவெட்டின் பெயரே தெரிந்திருக்காது.

பதிவை உங்களுக்கு அனுப்பச் சொல்லி மகனிடம் கூறியிருக்கிறேன். கேட்டுவிட்டு, மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்