ஐந்து ஊரையும் ஒரே பகலில் காட்டும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இத்தாலியின் லிகூரியக் கடற்கரைக்குத் தமிழ்க் குடும்பங்களை அழைத்துச் செல்லும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். சின்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களையும் ஒரே பகலில் சுற்றிக்காட்டும் திட்டத்தைக் கைவிடுங்கள். முதியவர்களும் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு ஒரே ஓர் ஊரைக் கொடுங்கள். அந்த ஊர் கொர்னீல்யாவாக இருக்கட்டும்.

நேரம் போதாதபோது நீங்கள் முதலில் அடித்துவிடும் பெயர் அதுதான் என்பது தெரியும். காரணமும் புரிகிறது. ரியோமஜோரே, மனரோலா, வெர்னாட்சா, மொந்தெரோஸ்ஸோ ஆகிய நான்கும் கடலைத் தொட்டுக்கொண்டிருப்பவை. அங்கெல்லாம் படகு நிற்கும். கொர்னீல்யா மட்டும் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், கடலுக்குள் நீளும் பாறை முகட்டின் மேல் இருக்கிறது. படகுத்துறை இல்லை. ரயில் நிலையமோ கீழே கடலோரத்தில். அங்கிருந்து லார்தரீனா என்ற செங்கல் படிக்கட்டு 33 அடுக்குகளில், 370க்கும் மேற்பட்ட படிகளாக மேலே போகிறது. இதைக் கேட்டதும், பாட்டி வரும் குடும்பத்துக்கு இந்த ஊர் ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

நிலையத்திலிருந்து ஊருக்குள் ஒரு சிறிய பஸ் ஓடுகிறதே, அதை ஏன் சொல்வதில்லை? சின்க்வே தெர்ரே அட்டை (இங்குள்ள தேசியப் பூங்கா பயணிகளுக்கு விற்கும் அனுமதி அட்டை) வைத்திருப்பவர்களுக்கு அதில் தனி டிக்கெட்கூட வேண்டாம். முழங்கால் வலியோடு வந்திருந்த என் மாமியார் அந்த பஸ்ஸில்தான் ஏறினார். பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாவும் படியேறி வந்தார்கள். மேலே சந்தித்தபோது யார் முகத்திலும் களைப்பு இல்லை. அன்றைக்கு வேறெங்கும் ஓட வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊரில் முதன்மையான தெரு ஒன்றுதான்: வியா ஃபியெஸ்கி. கைகளை விரித்தால் இரு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம் போன்ற குறுகல். வாகனம் வராது. பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்க முடிகிற தெரு, ஐரோப்பியப் பயணத்தில் தாய்மாருக்கு எத்தனை இடத்தில் கிடைக்கிறது? அது சாந்தா மரியா என்ற மேடையில் போய் முடிகிறது. அங்கே நின்றால் மூன்று பக்கமும் கடல். ஒரு பக்கம் மனரோலா வீடுகள். நடுவழியில் லார்கோ தராஜோ என்ற சிறு சதுக்கம் வரும். மாமியார் பகலின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார். ஊர்க்காரர்கள் போக வர அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள், அவரும் தலையசைத்தார்.

சாப்பாட்டுக்குப் பயந்து, மதியம் எப்படியாவது ஓர் இந்திய உணவகத்தைச் சேர்த்துவிடுகிறீர்கள். லிகூரியாவில் அந்தக் கவலை வேண்டாம். ஃபரினாட்டா என்று ஒன்று உண்டு. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். ஓரம் முறுகிய அடையைப் போல இருந்ததால் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார் மாமியார். துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ விழுதும் இந்த மண்ணுக்குரியதுதான். அதில் பாலாடைக்கட்டியும் பூண்டும் சேரும் என்பதை மட்டும் அவற்றைத் தவிர்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் எழுத உட்கார்ந்ததற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் விளம்பரப் படங்களில் வண்ண வீடுகளுக்குப் பின்னால் பச்சையாகத் தெரிவது வெறும் மலையன்று. செங்குத்தான சரிவை வெட்டி, சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் மண் நிரப்பி உண்டாக்கிய படிநிலங்கள் அவை. பல நூறு ஆண்டுகளின் கை உழைப்பு. போஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தீனோ என்ற திராட்சைகள் அங்கே விளைகின்றன. அறுவடையான குலைகளை வாரக்கணக்கில் நிழலில் உலர்த்தி ஷாக்கெத்ரா என்ற இனிப்பு மது செய்கிறார்கள். சரிவில் டிராக்டர் ஏறாது. பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சிறு வண்டிதான் கூடைகளைச் சுமக்கிறது. அதுவும் இல்லாத இடத்தில் மனிதத் தோள்.

சாந்து இல்லாததால் மழைநீர் கல் இடுக்குகள் வழியே கசிந்து இறங்கிவிடும். சுவரின் உயிரே அதுதான். கவனிக்க ஆளில்லாமல் போனால் இடுக்கு அடைபடும், நீர் பின்னால் தேங்கும், சுவர் வயிறு தள்ளிச் சரியும். அதற்கு மேலே உள்ள மண்ணும் கூடவே வரும். பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, உழ ஆளில்லாமல் காடேறிப்போன படிநிலங்கள் இங்கே ஏராளம். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் வெர்னாட்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றிலும் கல்லிலும் புதைந்தன, உயிர்களும் போயின. மறு ஆண்டு ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலான ‘காதல் பாதை’யில் பாறை விழுந்து சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள். அந்தப் பாதை முழுவதுமாகத் திறக்க 2024 ஆயிற்று.

1997இல் இந்த நிலம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தாலி உள்பட எட்டு நாடுகளின் கல்லடுக்குச் சுவர்க் கலையை 2018இல் அதே அமைப்பு தனியாகவும் பட்டியலிட்டது. ஆனால் பட்டியல் சுவரைத் தாங்காது. அங்கே குடியிருந்து, திராட்சை வளர்த்து, அதை விற்றுப் பிழைக்க முடிகிறவர்கள் இருந்தால்தான் சுவர் நிற்கும். ஊருக்குள் வந்த வேகத்தில் படம் எடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடுகிற கூட்டம், அவர்களிடம் என்ன வாங்கப்போகிறது? தெருவை அடைத்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். நிதானமாக உட்காரும் குடும்பம் மதியம் அங்கே சாப்பிடும். தேனோ, எலுமிச்சைப் பாகோ, ஆலிவ் எண்ணெயோ வாங்கும்.

ஐந்து ஊர் பார்த்தோம் என்ற திருப்தியாவது கிடைக்கும் என்பீர்கள். இந்த ஊர்களுக்கு நடுவே ரயில் சில நிமிடங்கள்தான் ஓடுகிறது, அதுவும் பெரும்பாலும் சுரங்கத்துக்குள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஐந்து ஊர் நிரலைக் கூட்டிப் பார்த்தபோது, நடைமேடையில் காத்திருக்கும் நேரமே கடலைப் பார்க்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தது. கோடை நெரிசலில் பாட்டியையும் குழந்தையையும் ஐந்து முறை ரயிலில் ஏற்றி இறக்குவது பயணமா?

நான் சொல்லும் திட்டம் இதுதான். காலையில் பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவிலிருந்து கொர்னீல்யாவுக்கு ரயில். மேலே போக பஸ். மதிய உணவு ஊரிலேயே. வெயில் தாழ்ந்ததும், நடக்க முடிந்தவர்கள் மட்டும் படிநிலங்களின் ஓரமாக வெர்னாட்சாவுக்குப் போகும் பாதையில் நடக்கட்டும். சாதாரண நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மற்றவர்கள் ஒரே நிறுத்தம் ரயிலில் வந்து அங்கே சேர்ந்துகொள்ளலாம். அந்தப் பாதைக்கு நடைப்பயண அட்டை தேவை. அன்று பாதை திறந்திருக்கிறதா என்று காலையிலேயே விசாரியுங்கள். திறந்த செருப்போடு நடப்பவர்களுக்கு அபராதம் உண்டு என்பதைப் பெட்டி கட்டும்போதே சொல்லுங்கள். ரயிலேறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

அடுத்த கோடைக்கான நிரலை நீங்கள் அச்சிடும்போது, ஐந்து ஊர்த் திட்டத்தை உடனே கைவிட முடியாவிட்டால், அதற்குப் பக்கத்தில் இதையும் ஒரு தேர்வாகவாவது போடுங்கள். இரண்டையும் குடும்பத்தினர் முன் வைத்து, பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு தாய், ஒரு மருமகள்